பராமரித்தவர் பங்கு

ஏஞ்சல் மீன் செவுளசைவை நிறுத்திய பதினோராவது நொடியில் ஏதுகாட்டி வாய் திறந்தது. மின்தூக்கியில் மாடி எண் சொல்லும் பெண்ணின் அதே குரல்.

"கையில் சோப்பு. பராமரித்தவர் பங்கு: தொண்ணூற்று நான்கு விழுக்காடு."

வரவேற்பறையில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்போர் பேரவையின் உறுப்பினர்கள். பராமரித்தவர், பேரவையின் தலைவர் தெய்வநாயகம். புதுக் கருவியை எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்படத்தான் அவர் அன்றைக்கு வீட்டுக்கு அழைத்து, வடையும் சட்னியும் வாங்கி வைத்திருந்தார். மீன் அந்த நேரம் பார்த்துச் சாகும் என்று அவர் நினைக்கவில்லை.

"மீதி ஆறு விழுக்காடு யாரோட பங்கு?" என்று கேட்டார், கடைசி நம்பிக்கையாக.

"அது சோப்போடது," என்றாள் அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி வசுமதி. "கைய நல்லா அலசிட்டு விடுங்கன்னு காலையிலயே சொன்னேன்."

ஏதுகாட்டி என்பது சுண்டைக்காய் அளவுள்ள ஒரு கண்ணாடி மணி. தொட்டியின் அடியில் போட்டுவிட்டால் நொடிக்கொரு தரம் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கும். மேலே எந்தக் கை நிழலாடியது, அதிலிருந்து என்ன விழுந்தது என்று குறித்துக்கொள்ளும். நாற்பது நாள் நினைவு அதற்கு. மீன் செத்தால் அந்த நாற்பது நாளையும் பத்து நொடியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, எது கொன்றது, அதில் யார் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். பொய் சொல்லத் தெரியாது. நாசூக்கும் தெரியாது.

அதற்கு முன்பெல்லாம் கொளத்தூரில் எந்த மீனும் வளர்த்தவர் கையால் செத்ததே இல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் தூக்கல் என்பார்கள். கடைக்காரர் நோய் பிடித்ததைத் தலையில் கட்டிவிட்டார், மின்சாரம் போய்விட்டது, எதிர்வீட்டு அம்மா வந்து "எவ்ளோ அழகு" என்று சொல்லிவிட்டுப் போனார், அன்று சாயங்காலமே வயிறு மேலே வந்துவிட்டது. மாதக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். முடிவில் தெய்வநாயகம் எழுந்து, அம்மாதம் மறைந்த மீன்களுக்கான இரங்கல் தீர்மானத்தை வாசிப்பார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், கோரிக்கை தள்ளுபடியானவர்களுக்கு வருத்தக் கடிதம் எழுதும் பிரிவில் இருந்தவர் அவர். அவர் கடிதம் கிடைத்தவர்கள் தங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையே இரண்டு நாள் கழித்துத்தான் உணர்வார்களாம்.

ஏதுகாட்டி வந்த மூன்றே மாதத்தில் பேரவை பாதியாகக் கரைந்தது. நகரம் முழுக்க இதே கதைதான். மாவு புளிக்காததற்கு ஒரு ஏதுகாட்டி, செடி வாடியதற்கு ஒன்று, வண்டி கிளம்பாததற்கு ஒன்று என்று வீட்டுக்கு வீடு கண்ணாடி மணிகள் உட்கார்ந்துகொண்டு பங்கு பிரித்தன. மாமியார் பங்கு அறுபது, மருமகள் பங்கு முப்பத்தைந்து, வானிலை ஐந்து. இப்படிச் சொன்னால் எந்த வீடு நிம்மதியாக இருக்கும்? அதே மூன்று மாதத்தில் கொளத்தூர்த் தொட்டிகளில் மீன் சாவது பாதியாகக் குறைந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சாகாத மீனைப் பற்றிப் பேரவையில் யார் எழுந்து பேசப்போகிறார்கள்?

கருவியைச் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து பேரவையின் குறைகளைக் கேட்டார். தெய்வநாயகம் முக்கால் மணி நேரம் பேசினார். உண்மையைச் சொல்வதில் தவறில்லை, ஆனால் அதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது, துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் செத்தவர் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவில்லையே என்றா கேட்போம் என்றார். பொறியாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நீங்களே அந்த வாக்கியங்களை எழுதிக் கொடுக்க முடியுமா ஐயா?" என்று கேட்டார்.

பின்னாளில் தெய்வநாயகம் அந்தக் கேள்விக்குத் தான் சொல்லியிருக்கக்கூடிய பதில்களைப் பலவாறாக யோசித்ததுண்டு. அன்று அவர் சொன்ன பதில், "எத்தனை வேண்டும்?"

நாற்பது வாக்கியங்கள் எழுதினார். ஒரு வாரம் ஆயிற்று. மிகச் சிறந்தது என்று அவரே கருதிய பதினெட்டாவது வாக்கியத்தை வசுமதிக்கு வாசித்துக் காட்டினார்.

"இதன் காலம் நிறைந்தது. செய்யக்கூடியதையெல்லாம் நீங்கள் செய்தீர்கள்."

வசுமதி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இதைக் கேட்டா செத்த மீனே எழுந்து உங்களுக்கு நன்றி சொல்லும்," என்றாள்.

அமைதிப் பதிப்பு என்ற பெயரில் அது வெளிவந்தது. முதலில் உண்மையான காரணம் வேண்டுகிறவர்களுக்காக மணியின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது. யாரும் அதை அழுத்துவதில்லை என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டு பொத்தானை எடுத்துவிட்டார்கள். வெள்ளையாக எரிந்த சிறு விளக்கு, மனத்துக்கு இதமாக இருக்கட்டும் என்று பச்சையாயிற்று. பழைய மணிகளெல்லாம் இணைய வலையோடு இணைந்திருந்ததால், ஒரு வெள்ளிக்கிழமை காலை தாமாகவே புதுப் பதிப்புக்கு மாறிக்கொண்டன.

பேரவைக்குக் கூட்டம் திரும்பி வந்தது. சோப்புக் கையைத் தொட்டியில் விட்டவர்கள் மறுபடியும் அப்படியே விட்டார்கள். ஒரு பிடி தீனி போட வேண்டிய இடத்தில் மூன்று பிடி போட்டவர்கள் நான்காகப் போட்டார்கள். மீன் செத்தது. பதினோராவது நொடியில் ஆறுதல் வந்தது. கடைக்குப் போய் வேறு மீன் வாங்கி வந்தார்கள்.

ஆரம்பத்தில் வசுமதியும் பழையபடி சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் சூடு போதவில்லை என்பாள், வடிகட்டியைத் துடைத்து எத்தனை நாளாயிற்று என்பாள். ஆனால் தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் ஐயாவைத் தேற்றிக்கொண்டே இருக்க, வீட்டில் குற்றம் சொல்லும் ஒரே ஆள் அவள்தான் என்றாகிவிட்டது. யாருக்குத்தான் அந்த வேலை பிடிக்கும்? ஒரு வருடத்தில் விட்டுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது.

முதலில் அற்றுப்போனது டிஸ்கஸ்.

உள்ளங்கை அகலத்தில் தட்டுப்போல வட்டமாக இருக்கும் மீன் அது. செந்நிறத்தில் நீலக்கோடு நெளியும். அதன் குஞ்சுகள் வேறெதையும் தின்னாமல், தாய் தகப்பன் உடம்பின் மேல் ஊறும் கோழையைக் கொறித்தே முதல் சில வாரங்களைக் கடக்கும். தண்ணீரில் சிறு பிசகையும் பொறுக்காது. வளர்ப்பவர்கள் மட்டுமல்லாமல் குஞ்சு பொரிக்க வைத்து விற்பவர்களும் அமைதிப் பதிப்பையே போட்டிருந்தார்கள். ஆகவே அவர்களுடைய டிஸ்கஸ்களின் காலமும் ஒவ்வொன்றாக நிறைந்தது. ஐந்தாம் ஆண்டு கடைகளில் விசாரித்தால், அப்படி ஒரு மீன் இருந்ததா என்று கேட்டார்கள்.

தெய்வநாயகத்தின் ஆடம்பரங்களுக்கெல்லாம் அடியில் ஒரு உண்மையான ஆசை இருந்ததென்றால் அது டிஸ்கஸ்தான். கல்யாணமான புதிதில், வாங்கிய ஒரே ஜோடியின் முன்னால் அவரும் வசுமதியும் மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். குஞ்சுகள் தாயின் விலாவிலிருந்து தகப்பன் விலாவுக்கு ஒரே வீச்சில் தாவும்போது வசுமதி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்துவாள். கடைசி டிஸ்கஸ் போன பிறகு அந்தத் தொட்டி காலியாகவே கிடந்தது. தன்னுடைய பதினெட்டாவது வாக்கியத்தை அவர் மூன்று நாளில் ஆறு முறை கேட்டுவிட்ட தொட்டி அது.

ரெட்டேரிப் பக்கம் ரெஜினா என்ற பெண்மணியிடம் இன்னும் டிஸ்கஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மறுநாளே போனார். ரெஜினா ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவுத் தொழில்நுட்பர். பேரவையில் சேராதவர். அவர் வீட்டு மாடியில் ஏழு தொட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் வெள்ளை விளக்கு எரிந்தது. வலையில் ஒருநாளும் இணைக்காத பழைய ஏதுகாட்டிகள்.

சுவரில் ஒரு பலகையில் வரிசையாக எழுதியிருந்தது. தேதி, காரணம், பங்கு. தெய்வநாயகம் அதைச் சாவுப் பட்டியல் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது.

"என் கையால செத்தது சார். நூத்தி எழுபத்தி மூணு," என்றார் ரெஜினா. "மொதல்ல ஒரு வருஷம் அழுதுகிட்டேதான் எழுதினேன். அப்புறம் சாவு கொறைஞ்சிது, எழுத ஒண்ணும் இல்ல."

தெய்வநாயகம் தன்னை யாரென்று சொன்னார். பேரவை, தலைமை, இருபத்தாறு ஆண்டுச் சேவை. ரெஜினா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மருத்துவமனையில் தண்ணீர்ச் சுத்தத்தைக் காட்டும் கருவிக்கும் போன மாதம் அமைதிப் பதிப்பு வந்துவிட்டதாகவும், அதனால் தானே தினமும் தண்ணீரில் சோதனைத் துளி விட்டு நிறம் பார்த்துத்தான் நோயாளிகளுக்குத் திறந்துவிடுவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். தெய்வநாயகம் வேறு பக்கம் பார்த்தார்.

ஜோடி ஒன்றும், அவற்றோடு ஐந்து நாள் குஞ்சுகளும் தர ரெஜினா ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு பழைய ஏதுகாட்டி. தொட்டிகளில் போட்டதுபோக மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"மீன் குடுக்கறது பெரிசில்ல சார். செத்தா அது உண்மைய சொல்லும். கேக்கறதுக்கு தெம்பு இருக்கா?"

இருக்கிறது என்றார் தெய்வநாயகம். அந்தக் கணத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஆறு முறை கேட்ட ஆறுதல் அவரை உள்ளுக்குள் அரித்திருந்தது. இந்த முறை தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நிஜமாகவே விரும்பினார்.

"எதுலயும் இணைக்காதீங்க. அவ்ளோதான்," என்ற ரெஜினா, வடிகட்டிக்குள் இருந்த பழுப்பேறிய பஞ்சை எடுத்துக் காட்டினார். "அப்புறம் இது. இதுல இருக்கற நுண்ணுயிருங்கதான் மீனோட கழிவ தின்னு தண்ணிய சுத்தம் பண்ணுது. இதுதான் கிட்னி. கிட்னி நின்னா ஆளு ஒடனே சாகமாட்டான். நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

தெய்வநாயகம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

டிஸ்கஸ் திரும்பி வந்த செய்தி பேரவைக்குத் தெரியாமல் இருக்குமா? அவரே நான்கு பேருக்குத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா என்று முடிவாயிற்று. "நீர்வளச் செம்மல்" என்ற பட்டம் அவருக்கு என்றும் முடிவாயிற்று. பட்டத்தின் பெயரை அவர்தான் திருத்திக் கொடுத்தார், முதலில் வெறும் "நீர்ச் செம்மல்" என்று இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பேரவையின் பெருமைப் பதிவேட்டில் ஏறவேண்டுமானால் தொட்டியின் ஏதுகாட்டி வலைவழியே கையொப்பம் இடவேண்டும். விதியை ஆறு வருடம் முன்பு கொண்டுவந்தவர் தெய்வநாயகம். செயலாளர் சிங்காரவேலு, "ஒரே ஒரு நிமிஷம் இணைச்சிட்டு எடுத்துடலாம் தலைவரே," என்றார். ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? இணைத்தார். பதிவேட்டில் பெயர் ஏறியது. இணைப்பை எடுத்துவிட்டார். தொட்டியின் அடியில் விளக்கு பச்சையாக மாறியிருந்தது. பதிவு ஏற்கப்பட்டதற்கான அடையாளம் என்று நினைத்துக்கொண்டார். புகைப்படத்துக்கும் பச்சை எடுப்பாக இருந்தது.

விழா வரவேற்பறையிலேயே நடந்தது. தொட்டியின் பக்கத்தில் மேடை. நகரத்தில் பேருந்துகள் கால்வாயில் மிதந்து போகும் காலம் வந்துவிட்டாலும், வேண்டிய இடத்தில் ப்ளக் பாயிண்ட் இல்லாத குறை மட்டும் தீரவில்லை. மேடைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு சிங்காரவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். தலைவர் முன்வரிசையில் மாலைகளுக்குத் தலை குனிந்துகொண்டிருந்தார். சிங்காரவேலு ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினார். அடுக்களை வாசலிலிருந்து வசுமதி அதைப் பார்த்தாள்.

ஒன்பது பேர் பேசினார்கள். தெய்வநாயகத்தின் ஏற்புரை மட்டும் ஒரு மணி பத்து நிமிடம். மீனுக்கும் மனிதனுக்கும் உள்ள ஆதி உறவைப் பற்றிப் பேசினார். காற்றுக்குழாயின் ப்ளக் வேறு சுவரில் இருந்ததால் தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. மீன்கள் எப்போதும்போல நீந்தின. குஞ்சுகள் எப்போதும்போலத் தாவின. எல்லாரும் கைதட்டினார்கள். நான்கு மணி நேரம் கழித்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வசுமதிதான் வயரைப் பார்த்து, வடிகட்டியைத் திரும்பச் செருகினாள்.

அவரிடம் சொல்லத்தான் வந்தாள். "ஏங்க, அந்த ஃபில்டர்..." என்று தொடங்கினாள். அவர் வாழ்த்துச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது வசு. இப்ப எதையும் சொல்லாத," என்றார் சந்தோஷமாக. அவளும் விட்டுவிட்டாள். விடுவது அவளுக்குப் பழகியிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆண் மீன் கறுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணலில் படிந்தது. தெய்வநாயகம் தொட்டி முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். எழுபது வயதில் மண்டியிடுவது எளிதில்லை. செவுள் நின்றது. அவர் எண்ணத் தொடங்கினார். என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். தொண்ணூற்று நான்கோ, நூறோ, சொல்லட்டும். பலகையில் எழுதலாம். முதல் வரி.

எட்டு. ஒன்பது. பத்து.

"இதன் காலம் நிறைந்தது," என்றது மணி. "செய்யக்கூடியதையெல்லாம் நீங்கள் செய்தீர்கள்."

அந்த மீனுக்கு வயது மூன்று. அதன் காலம் இன்னும் ஆறு ஏழு வருடமாவது இருந்தது.

பச்சை விளக்கு என்னவென்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வாக்கியத்தில் "முடிந்தது" என்றுதான் முதலில் எழுதியிருந்தார். "நிறைந்தது" என்று மாற்ற அரை நாள் யோசித்திருந்தார்.

ரெஜினாவைத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவமனையில் வேலையில் இருந்தார் அவர். பின்னால் இயந்திரங்களின் சத்தம் கேட்டது. தெய்வநாயகம் எல்லாவற்றையும் சொன்னார், ஒரு நிமிடம் இணைத்ததையும் சேர்த்து. ரெஜினா திட்டவில்லை. அதுவே அவருக்கு வலித்தது.

"பொண்ணு மீன் எப்டி இருக்கு?"

பார்த்தார். மூலையில் தலை தாழ்த்தி நின்றது. நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. போக வேறு இடமில்லாத குஞ்சுகள் எல்லாம் அதன் மேலேயே மொய்த்துக் கொறித்துக்கொண்டிருந்தன.

"கேளுங்க சார். பூச்சியா இருந்தா தண்ணிய சூடேத்தி மருந்து போடணும். பஞ்சு செத்து தண்ணி விஷமாயிருந்தா, சூடேத்தினா அங்கயே போயிடும். அதுக்கு ஒடனே பாதி தண்ணிய மாத்தணும். தேவையில்லாம சும்மா மாத்திப் பாத்தா குஞ்சுங்க தாங்காது. ரெண்டுல ஒண்ணு. சோதனைத் துளி இருக்கா வீட்ல?"

இல்லை. ஏதுகாட்டி வந்த பிறகு கொளத்தூரில் யார் வீட்டிலும் இல்லை.

"நான் வர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தாங்காது. ஃபில்டர் எப்பனா நின்னுதா?"

"ஒரு நொடி கூட நிக்கலயேம்மா," என்றார் தெய்வநாயகம். மனமறிந்து பொய் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பேசியவர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. தான் என்ன செய்தோம் என்று யோசிக்க முயன்றார். ஏழு வருடமாக அந்த வேலையைச் செய்திராத மனம், எங்கே தொட்டாலும் வழுக்கிக்கொண்டு போனது.

"வீட்ல அம்மாவ கேளுங்க. லைன்லயே இருக்கேன்."

அவர் கைப்பேசியை மேசையில் வைத்தார். குனிந்து, முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, அந்தக் கண்ணாடி மணியைப் பிடுங்கி எடுத்தார். இனி அது எதையும் சொல்லவேண்டாம். ஈரக் கையோடு திரும்பினார். சத்தம் கேட்டு வசுமதி அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். ரெஜினா சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. அவள் பார்த்தது, மணலில் கிடந்த மீனையும் அவர் முகத்தையும்தான். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் முகம் இப்படிக் கோணி அவள் பார்த்ததில்லை.

"வசு," என்றார். "நீ வீட்லயேதான இருந்த. எல்லாம் பாத்துட்டுதான இருந்த. நான் என்ன தப்பு பண்ணினேன், சொல்லு."

வசுமதியின் பார்வை சுவரில் இருந்த ப்ளக் பாயிண்ட் பக்கம் ஒரு கணம் போனது. உதடு பிரிந்தது. பிறகு, கணவனின் ஈரக் கையை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்றாள் இதமாக. "அதோட காலம் நெறஞ்சிடுச்சி. செய்யக்கூடியதையெல்லாம் நீங்க செஞ்சீங்க."

மேசைமேல் ரெஜினா இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "சார்? அம்மா என்ன சொன்னாங்க?"